இண்டியானாக்காரனின் தோல்பட்டை

ரகு,

உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டாய். "அப்பா, நீங்க எழுதினா நல்லா இருக்கும். ரெண்டு பக்கம் போதும். டோன் மட்டும் கொஞ்சம் இன்ஸ்பயரிங்கா இருக்கணும்" என்றாய். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இண்டியானா மாநிலத்தில் சோளம் விளைவித்தும் குதிரை பழக்கியும் வாழ்ந்த ஒரு மகானின் வரலாற்றைத் தமிழில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவர் உன்னுடைய மானசீக குரு என்றும் சொன்னாய். ஜெர்சி சிட்டியில் ரிட்டயர் ஆகிச் சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதன்தானே, செய்வான் என்று நினைத்திருப்பாய். நானும் செய்யலாம் என்றுதான் இருந்தேன். நீ அனுப்பிய இரண்டு புத்தகங்களையும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். ஒன்று அந்த ஆளே எழுதி விற்ற சின்னப் புத்தகம். இன்னொன்று அவனுடைய ஊர்க்காரர்கள் தங்கள் பெருமைக்காகத் தொகுத்து வைத்த வரலாறு. படித்து முடித்தபோது 'அவர்' எனக்கு 'அவன்' ஆகிவிட்டான். அதனால் கட்டுரை வரவில்லை, கடிதம் வந்துவிட்டது. மலர்க் குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். போட்டால் போடட்டும், போடாவிட்டால் அந்த இடத்தில் நகைக்கடை விளம்பரம் வரட்டும்.

மானத்தை வாங்குகிறாரே அப்பா என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். உன் வீட்டில் நடப்பது உன் வீட்டோடு நின்றிருந்தால் போனில் நாலு வார்த்தை திட்டிவிட்டு விட்டிருப்பேன். நீதான் அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டாய். பிள்ளைகளைத் தமிழ் பேச வைக்கப் புது வழி கண்டுபிடித்துவிட்டதாகப் பீற்றிக்கொண்டாய். இப்போது உங்கள் பிளானோவிலும் பக்கத்து ஊர் இர்விங்கிலும் இன்னும் சில வீடுகளில் அதையே செய்கிறார்களாம், நீயே பெருமையாகச் சொன்னாய். குதிரைக்காகச் செய்த ஒன்றை ஒன்பது வயதுப் பெண்ணிடம், அதுவும் என் பேத்தியிடம், செய்துகொண்டு அதற்கு ஊரெல்லாம் கைதட்டல் கேட்கிறாய். அனிகா உன்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டு வருகிறாள், ரகு. அது உனக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முதலில் நீ கேட்டதையே எழுதிவிடுகிறேன். நாளைக்கு "டாபிக்கையே விட்டுட்டீங்களேப்பா" என்று சொல்லக் கூடாது. அவன் ஒரு சோளக்காட்டுக்காரனுக்குப் பிறந்தான். அப்பன் விட்டுப்போன நிலம் இருந்தது, பன்றிகள் இருந்தன, நல்ல பெண்ணாக ஒரு மனைவியும் வாய்த்தாள். ஊர் வரலாற்றில் அவனை விவசாயி என்றும் குதிரைப் பயிற்சியாளர் என்றும் போட்டிருக்கிறார்கள். விவசாயி என்பது சுத்தப் பொய். உழுதவள், விதைத்தவள், பனியில் போய்ப் பன்றிக்குத் தீனி வைத்தவள் எல்லாம் அந்த மனைவி. அவளுக்குப் புத்தகத்தில் அரை வரி ஒதுக்கியிருக்கிறார்கள், அதிலும் பெயர் இல்லை. இவன் கோடை வந்தால் ஒரு கூடாரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிடுவான். புழுக்கத்திலும் கறுப்புக் கோட்டைக் கழற்ற மாட்டான். யாருக்கும் அடங்காத குதிரை உங்கள் ஊரில் இருந்தால் கொண்டுவாருங்கள், ஒரு மணி நேரத்தில் ஆட்டுக்குட்டியாக்கித் தருகிறேன் என்று சந்தையில் நின்று கூவுவான். ஜனங்களும் வாயைப் பிளந்துகொண்டு டிக்கெட் வாங்கி உள்ளே போவார்கள்.

உள்ளே அவன் செய்த வித்தை என்னவென்று நீ சனிக்கிழமை நடத்துகிற குதிரை வகுப்புக்கு வருகிற மேனேஜர்களிடம் நீ விவரமாகச் சொல்வதில்லை என்று நினைக்கிறேன். நான் சொல்கிறேன். குதிரையின் இடது முன்னங்காலை மடக்கி, ஒரு தோல்பட்டையால் கட்டிவிடுவான். மூன்று காலில் நிற்கிற குதிரையால் உதைக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. நொண்டி நொண்டிக் குதிக்கும். வலது முன்னங்காலில் இன்னொரு பட்டை; அது காலைத் தூக்கும் நேரம் பார்த்துச் சுண்டி இழுப்பான். குதிரை மண்டியிடும், எழப் பார்க்கும், மறுபடி மண்டியிடும். உடம்பெல்லாம் வியர்த்து நுரைத்து, கடைசியில் போதும் என்று ஒருக்களித்துப் படுத்துவிடும். அதற்கப்புறம்தான் இவனுக்கு அன்பு ஊற்றெடுக்கும். கழுத்தைத் தடவுவான், காதில் ஏதோ முணுமுணுப்பான், அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்வான். காதருகே மேளம் அடிப்பான், முகத்துக்கு நேரே குடையைப் படக்கென்று விரிப்பான். குதிரை அசையாது. "பாருங்கள், ஒரு சாட்டையடி உண்டா? முழுக்க முழுக்கக் கனிவு!" என்று கையை விரிப்பான். கூடாரமே எழுந்து நின்று கைதட்டும்.

கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் யாருக்கும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொள்வானாம். ஒரு தோல்பட்டைக்கு இவ்வளவு உதார்! பிறகு கூட்டம் குறைந்ததும் அதே ரகசியத்தைப் புத்தகமாக அடித்து விற்றான், சத்தியம் செய்தவர்கள் முழித்திருப்பார்கள். அந்தப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை நீ மஞ்சள் மையால் அடிக்கோடிட்டு அனுப்பியிருந்தாய். குதிரைக்குப் பொருந்துவது குழந்தைக்கும் பொருந்தும், இரண்டுக்கும் தன் விருப்பம் செல்லாது என்று ஒரு தடவை புரிந்துவிட்டால் போதும், அதன் பிறகு அன்பாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறான். ஊர் வரலாற்றில் நீ அடிக்கோடிடாத இரண்டு இடங்களை நான் சொல்கிறேன். அவன் கைப்பட்ட குதிரை அதற்குப் பிறகு கனைத்ததே இல்லை என்று ஓரிடத்தில் மெச்சுகிறார்கள். இன்னோரிடத்தில், அவனுடைய மூன்று பிள்ளைகளும் வெகுதொலைவில் போய்க் குடியேறினார்கள் என்று ஒரு வரி. எழுதினவருக்கு அந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை. படித்த உனக்கும் தோன்றவில்லை.

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு நானும் அம்மாவும் பிளானோ வந்தபோது எங்களைக் கையோடு உன் குதிரை மைதானத்துக்கு அழைத்துப் போனாய். டோல்வே நெடுஞ்சாலையில் வடக்கே போய், வீடுகள் முடிந்து பொட்டல் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு பண்ணையின் மூலையை வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறாய். வாரம் முழுக்க ஆபீஸில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிவிட்டு, சனிக்கிழமையானால் தொப்பி போட்டுக்கொண்டு தலைமைப் பண்பு சொல்லித் தருகிறாய். வந்தவர்கள் எல்லாம் நம் ஆட்கள். புதுத் தொப்பி, புது பூட்ஸ், விலைச் சீட்டைப் பிய்க்காதது ஒன்றுதான் குறை. டெய்சி என்கிற கிழட்டுப் பெண்குதிரை அவர்கள் முன்னால் நின்றுகொண்டு, எப்போது முடியும் என்பது போலப் பார்த்தது. "சார், ஹார்ஸ் என்னோட எனர்ஜிய ரீட் பண்ணுது சார், எனக்கு ஃபீல் ஆகுது" என்று ஒருவர் கண்கலங்கினார். எனக்குத் தெரிந்தவரை அது அவர் பாக்கெட்டிலிருந்த கிரனோலா பாரைத்தான் ரீட் பண்ணியது. அவர் கிட்டே போனதும் அதைக் கவ்வி இழுத்துத் தின்றுவிட்டுப் பின்பக்கத்தைக் காட்டியது. "பாத்தீங்களா, அது பவுண்டரி செட் பண்ணுது" என்று நீ விளக்கம் கொடுத்தாய். அவரும் தலையாட்டிக்கொண்டு குறிப்பெடுத்தார். இவர்கள் எல்லாம் திங்கட்கிழமை போய் நூறு பேரை மேய்க்கிறார்களாம். சரி, பெரியவர்கள், காசும் அவர்களுடையது, மானமும் அவர்களுடையது. அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டு ஊர் திரும்பியிருப்பேன்.

அன்று சாப்பாட்டு மேஜையில்தான் உன் கைவரிசையைப் பார்த்தேன். அனிகா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "தாத்தா, கேன் யூ பாஸ் தி அப்பளம்?" என்றாள். நான் கையை நீட்டினேன், நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். மேஜையைச் சுற்றிப் பார்த்து, "யாருக்காவது ஏதாவது கேட்டுச்சா? எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றாய். உன் மனைவி வித்யா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அனிகா இன்னொரு தடவை கேட்டாள், சற்று மெதுவாக. நீ என்னிடம் ஏதோ வானிலை பற்றிப் பேச ஆரம்பித்தாய். அவள் எழுந்து சுற்றி வந்து தானே எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். பிறகு நீ எனக்குப் பாடம் நடத்தினாய். "அப்பா, இது பிரஷர் அண்ட் ரிலீஸ். இங்கிலீஷ்ல கேட்டா நாங்க யாரும் ரெஸ்பாண்ட் பண்ண மாட்டோம். ஒரு வார்த்தை தமிழ்ல வந்த அந்த செகண்டே ரிலீஸ். ஹார்ஸுக்கு இது ரெண்டு வாரத்துல புரிஞ்சுடும்." அந்தக் குழந்தை கேட்டதில் அப்பளமும் தாத்தாவும் தமிழ்தானே, அதற்கு எங்கே உன் ரிலீஸ்? நீ சொன்ன விதிப்படியே நீ தோற்றுவிட்டாய், அது உன் காதில்கூட விழவில்லை. அவ்வளவு மும்முரமாகச் செவிடனாக இருந்தாய்.

அம்மா அடுப்படியில் வித்யாவிடம் கேட்டாள். "நானும் சொல்லிப் பாத்துட்டேன் அத்தை. இவர் இல்லாதப்போ நான் அவளோட இங்கிலீஷ்ல பேசறேன். இவர் கார் கராஜுக்குள்ள வந்த சத்தம் கேட்டா அவளே நிறுத்திடறா" என்றாளாம். உன் கார் சத்தம் கேட்டதும் வாயை மூடிக்கொள்கிற குழந்தை! இதைச் சாதித்ததற்குத்தான் குழுவில் உனக்கு அத்தனை கைகூப்பு எமோஜி. "இப்பல்லாம் வீட்ல இங்கிலீஷே கிடையாதுப்பா" என்று நீ சொன்னாயே, ஒத்துக்கொள்கிறேன், கிடையாதுதான். தமிழும் கிடையாது. தண்ணி வேணும், சாப்டாச்சு, குட்நைட்ப்பா, இந்த மூன்றை வைத்துக்கொண்டு அவள் உன்னிடம் நாளை ஓட்டுகிறாள். லிஃப்டில் எந்த மாடிக்கு எந்தப் பொத்தான் என்று தெரிந்துகொண்டது மாதிரி அவளுக்கு உன்னைத் தெரிந்துவிட்டது, அதற்குமேல் உன்னிடம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

உன்னையே எடுத்துக்கொள். திருச்சியில் அஞ்சாம் வகுப்பு முடித்துவிட்டு நீ ஜெர்சி சிட்டிக்கு வந்தாய். நான் ஒரு பேங்கில் காண்ட்ராக்ட் வேலை, ஜர்னல் ஸ்கொயரில் ஒரு படுக்கையறை அபார்ட்மென்ட். பள்ளியில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே நீ தமிழை விட்டுவிட்டாய். பாத் என்கிற நகர ரயிலில் போகும்போது நான் ஏதாவது கேட்டால், "டோன்ட் டாக் டு மீ இன் தட் ஹியர்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய். ஒரு வருடம் போல அப்படித்தான். அப்போதும் ஊரில் உன்னைப் போல அறிவாளிகள் இருந்தார்கள். "ஸ்ட்ரிக்டா இருங்க சார், வீட்டுக்குள்ள இங்கிலீஷ்னா சோறு கிடையாதுன்னு சொல்லுங்க, தன்னால வழிக்கு வருவான்" என்று ஒருவர் எங்கள் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார். அவர் போன பிறகு அம்மா, "இவர் பையன் இவரோட பேசறானான்னு கேளுங்க முதல்ல" என்றாள். நான் ஒன்றும் பெரிய உத்தமனாக இருந்து உன்னை விட்டுவைக்கவில்லை. காண்ட்ராக்ட் நீட்டுவார்களா, விசா என்ன ஆகும் என்று எனக்கிருந்த கவலையில் உன்னைப் பழக்க நேரம் இல்லை. அம்மாதான் உன்னோடு இருந்தாள்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. நீ பள்ளியிலிருந்து வந்து, பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, அன்று நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் இங்கிலீஷில் கொட்டுவாய். வகுப்பில் வளர்த்த ஆமை, உன் சாப்பாட்டை முகர்ந்து மூக்கைப் பிடித்த பையன், பேஸ்பால் மட்டையை கிரிக்கெட் மட்டை மாதிரி பிடித்ததற்குச் சிரித்த பி.டி. வாத்தியார். அம்மாவுக்கு அதில் பாதி புரியாது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே "அப்புறம்?" என்பாள். நீ சொல்வாய். "அய்யய்யோ, அப்புறம்?" என்பாள். அவளுக்குப் புரியவைக்க வேண்டுமே என்று நீயே நடுவில் ஒரு தமிழ் வார்த்தை போடுவாய், பிறகு இரண்டு, பிறகு அவளோடு சண்டை போட உன் இங்கிலீஷ் பத்தவில்லை, முழுசாகத் தமிழுக்கு வந்துவிட்டாய். உனக்குத் தமிழ் திரும்பியது உன்னை யாரோ கேட்டுக்கொண்டிருந்ததால். யாரும் காதைப் பொத்திக்கொண்டதால் இல்லை. இவ்வளவும் உன் சொந்த வாழ்க்கையில் நடந்திருக்க, நீ போய் இண்டியானாவில் செத்துப்போன ஒரு சந்தைக்காரனிடம் புத்தி கேட்கிறாய்.

இனி அதற்கு அடுத்த சனிக்கிழமைக்கு வருகிறேன்; நாங்கள் அப்போதும் உங்கள் வீட்டில்தான் இருந்தோம். அதை நீ உன் பதிவுகளில் எங்கும் போடவில்லை, அதனால் நான் எழுத வேண்டியிருக்கிறது. சங்கத்துக் குடும்பங்களை எல்லாம் மைதானத்துக்கு அழைத்திருந்தாய். சட்டையில் மைக் மாட்டிக்கொண்டு, டெய்சியை வேலியோரம் நிறுத்தி, நீயே சேணம் கட்டினாய். அனிகா அதன் பக்கத்தில் நின்றாள், அதன் பிடரி மயிரை வாரிவிடுவது எப்போதும் அவள்தான். நீ பேச ஆரம்பித்தாய், குருவின் பெருமை, நம்பிக்கை, சரணாகதி என்று நீளமாகப் பேசினாய். அனிகா உன்னிடம் வந்து சட்டையை இழுத்தாள். "அப்பா, தி ஸ்ட்ராப் இஸ்..." என்றாள். நீ ஒரு விரலைத் தூக்கினாய். "தமிழ்ல" என்றாய். அவள் குதிரையைக் காட்டினாள். "அப்பா... அது... கீழ..." என்று தடுமாறினாள். கூட்டத்தைப் பார்த்து நீ மைக்கில் சொன்னாய்: "பாருங்க, திஸ் இஸ் தி மொமென்ட். நான் ஹெல்ப் பண்ண மாட்டேன். வெயிட் பண்ணுவேன். இதுதான் பிரஷர்." அத்தனை பேரும் பாசமாகச் சிரித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தார்கள். அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்து வந்து, வேலியருகே என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

நீ சேணத்து வளையத்தில் காலை வைத்து ஏறினாய். சேணம் உன்னையும் சேர்த்து அப்படியே குதிரையின் வயிற்றுக்குக் கீழே சுற்றிக்கொண்டு போயிற்று. நீ தோள்பட்டை தரையில் மோத, அதுவரைக்கும் டெய்சி போட்டு வைத்திருந்ததன் மேலேயே விழுந்தாய். மைக் ஓடிக்கொண்டிருந்ததால் நீ கத்தியது எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. ஒருவர் வீடியோ எடுத்தார், நம் எனர்ஜிக்காரர்தான் என்று நினைக்கிறேன். உன் ஆத்மத் தோழி டெய்சி உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் புல்லை மேய்ந்தது. சிரிப்பு வந்தது எனக்கு, பொய் சொல்ல மாட்டேன். நீ எழுந்து உட்கார்ந்து, அனிகாவைப் பார்த்து, "யூ ஸா இட்? வொய் டிடின்ட் யூ டெல் மீ?" என்று கத்தியபோது சிரிப்பு நின்றுவிட்டது. அடி பட்டதும் உனக்கு வந்தது இங்கிலீஷ்தான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, வலிக்கிறபோது வாய்க்கு எது வருகிறதோ அதில்தான் மனுஷன் பேசுவான். அந்த உரிமை உனக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்றுதான் கேட்கிறேன். அவள் உன்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அழவும் இல்லை, பயப்படவும் இல்லை. அந்த இண்டியானாக்காரனின் குதிரைகள் கனைக்காமல் எப்படி நின்றிருக்கும் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

வித்யா உன்னை அர்ஜென்ட் கேர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அனிகாவையும் அம்மாவையும் உன் காரில் ஏற்றிக்கொண்டு நான் வீட்டுக்கு ஓட்டினேன். டோல்வேயில் ஏறியதும், என் ஜெர்சி இங்கிலீஷில், என்னம்மா சொல்ல வந்தாய் அப்பாவிடம் என்று கேட்டேன். நீங்கள் இங்கிலீஷில் பேசியது அப்பாவுக்குத் தெரிந்தால் உங்களைத் திட்டுவாரா தாத்தா என்று கேட்டாள். என்னைத் திட்ட உன் அப்பன் இன்னும் வளரவில்லை என்றேன். அதற்கப்புறம் அவள் நிறுத்தவே இல்லை. டெய்சி சேணம் கட்டும்போது வேண்டுமென்றே மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளுமாம். கட்டி முடித்ததும் மூச்சை விட்டுவிடும், வயிற்றைச் சுற்றிக் கட்டிய வார் தளர்ந்துவிடும். அதனால் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை இறுக்க வேண்டுமாம். அன்றைக்கு நீ பேச்சில் மறந்துவிட்டாயாம். அந்தக் கிழட்டுக் குதிரை வாராவாரம் உன்னை ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறது, நீ அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்திருக்கிறாய். பிறகு அனிகா பள்ளியைப் பற்றிச் சொன்னாள், சினேகிதிகளைப் பற்றிச் சொன்னாள், தனக்கு எதெல்லாம் பயம் என்று சொன்னாள். எக்ஸிட்டைத் தவறவிட்டு நான் இரண்டு தடவை சுற்றினேன், வேண்டுமென்றேதான். பின் சீட்டில் அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள்.

உன் தோள் ஆறிவிட்டது என்று கேள்விப்பட்டேன். உன் வகுப்பும் மறுபடி ஆரம்பித்துவிட்டதாம், விழுவதும் தலைமைப் பண்புதான் என்று ஏதோ புதிதாகச் சேர்த்திருப்பாய். மேஜையில் விதி மட்டும் மாறவில்லை என்று வித்யா சொன்னாள். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள். அந்த இண்டியானாக்காரன் உதவாக்கரை, உதார்ப் பேர்வழி, பெண்டாட்டி உழைப்பில் கோட்டு போட்டுத் திரிந்தவன். அவன்கூடக் கூடாரம் காலியாவதற்குள் பட்டையை அவிழ்த்துவிட்டான். நீ மாதக்கணக்கில் கட்டியே வைத்திருக்கிறாய். குதிரையை ஊரார் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள், பழக்கினவனுக்கு அதற்கப்புறம் அதன் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. நீ இவளோடு இன்னும் எத்தனையோ வருடம் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். நீ தமிழுக்காகச் செய்வதாகச் சொல்கிறாய். தமிழ் உன்னிடம் இதைக் கேட்கவில்லை, ரகு. சங்கத்து மேடையில் உன் பெண் நாலு வரி ஒப்பிக்க, நீ கீழே உட்கார்ந்து வீடியோ எடுக்க வேண்டும் என்கிற ஆசை கேட்கிறது.

அனிகா இப்போது பள்ளி முடிந்து வந்ததும் எங்களுக்கு போன் செய்கிறாள். இங்கிலீஷில்தான் பேசுகிறாள். சில நாள் ஸ்பீக்கரில் போட்டு அம்மாவும் கேட்கிறாள், சில நாள் தாத்தா மட்டும் போதும் என்பாள். நேற்று ஒரு விஷயம் சொன்னாள். அவளுக்கு அது பெரிய விஷயம், பல நாளாக மனசில் வைத்துக்கொண்டு தவித்திருக்கிறாள். என்னவென்று இங்கே எழுத மாட்டேன், மலரில் வந்தால் ஊர் படிக்கும். தனியாகக் கேட்டாலும் உன்னிடம் சொல்ல மாட்டேன், அது அவள் சொல்ல வேண்டியது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்னால் முடிந்த ஆறுதலைச் சொல்லிவிட்டு, "அப்பாகிட்ட சொன்னியாம்மா?" என்று கேட்டேன். 

"எதுக்கு?" என்றாள்.

தமிழில்தான் சொன்னாள். உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை.

அப்பா